காக்கைச் சிறுவன் (படநூல்): ஒரு திறனாய்வு

'காக்கைச் சிறுவன்' என்பது தாரோ யாஷிமா எழுதி, ஓவியங்களும் வரைந்த சிறுவர் படநூல். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'குரோ பாய்'. அமெரிக்காவின் வைக்கிங் பதிப்பகம் 1955ஆம் ஆண்டு இதை வெளியிட்டது. அமெரிக்காவில் சிறந்த படநூல்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் கால்டிகாட் விருதுப் பட்டியலில் 1956இல் சிறப்பு நூலாக இடம்பெற்றது. பின்னாளில் 'கராசு தாரோ' என்ற பெயரில் ஜப்பானிய மொழியிலும் வந்தது. கராசு என்றால் காக்கை.

ஜப்பானியக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டுகள் யாரோடும் ஒட்டாமல் இருந்த ஒரு சிறுவனைப் பற்றிய கதை இது. கூச்ச சுபாவத்தை வென்று தன்னம்பிக்கை பெறுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஏற்ற நூல் என்று ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதைப் பரிந்துரைப்பது வழக்கம். அந்தப் பரிந்துரை தவறில்லை. ஆனால் நூலை ஊன்றிப் படித்தால், அதில் பாடம் கற்றுக்கொள்பவன் அந்தச் சிறுவன் இல்லை என்பது புலப்படும். பாடம் கற்பவர்கள் அவனுடைய வகுப்புத் தோழர்கள். அவர்கள் வழியாக நாம். இந்தக் கோணத்தில் நூலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியர்

தாரோ யாஷிமா என்பது புனைபெயர். இயற்பெயர் அட்சுஷி இவாமட்சு. 1908ஆம் ஆண்டு ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில், ககோஷிமா மாகாணத்திலுள்ள நெஜிமே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கிராம மருத்துவர். டோக்கியோவில் ஓவியம் பயின்ற இவாமட்சு, ஜப்பானில் வளர்ந்துவந்த ராணுவ ஆதிக்கத்தை எதிர்த்த கலைஞர்களோடு சேர்ந்து இயங்கினார். அதனால் அவரும் ஓவியரான அவருடைய மனைவியும் சிறைப்பட்டார்கள். 1939இல் சிறு வயது மகனை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் அமெரிக்கா சென்றார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் போர்த் தகவல் பணிகளில் அவர் ஈடுபட்டார். ஜப்பானில் இருந்த மகனுக்கு அதனால் தீங்கு நேரக்கூடாது என்று தம் பெயரை மறைத்து, தாரோ யாஷிமா என்ற பெயரை வைத்துக்கொண்டார். அந்த மகன்தான் பின்னாளில் மாகோ என்ற பெயரில் புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகர். யாஷிமாவின் சிறை அனுபவங்கள் 1943இல் 'புதிய சூரியன்' என்ற ஓவிய நூலாக வந்தன. சிறுவர்க்காக அவர் எழுதியவற்றுள் 'கிராமத்து மரம்' (1953), 'குடை' (1958), 'கடற்கரைக் கதை' (1967) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1994இல் மறைந்தார்.

நூலின் காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1942 முதல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசல் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்து பத்தே ஆண்டுகளில், அமெரிக்கக் குழந்தைகளின் கையில் ஜப்பானியக் கிராமப் பிள்ளைகளின் முகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் படநூல். அறிமுகமில்லாத ஒருவனை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வி கதைக்குள் மட்டுமன்றி, கதைக்கு வெளியிலும் இருந்தது.

கதை

பள்ளி தொடங்கும் முதல் நாள் ஒரு பையனைக் காணோம். தேடினால், பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்து இருட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறான். யாருக்கும் அவனைத் தெரியாது. உருவத்தில் மிகச் சிறியவன் என்பதால் பிள்ளைகள் அவனுக்குச் 'சிபி' என்று பட்டப்பெயர் வைக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் சிபி என்றால் பொடியன். நம்முடைய சிபிச் சக்கரவர்த்திக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

சிபிக்கு ஆசிரியரிடம் பயம். அதனால் எதையும் கற்க முடியவில்லை. பிள்ளைகளிடமும் பயம், அதனால் நண்பர்கள் இல்லை. வரிசையில் கடைசி, வகுப்பிலும் கடைசி. பார்க்க விரும்பாததைப் பார்க்காமல் இருக்க, கண்களை ஒருக்களித்து மாறுகண் ஆக்கிக்கொள்ளப் பழகுகிறான். பொழுது போக்க வழிகளும் கண்டுபிடிக்கிறான். மேற்கூரையைப் பார்ப்பான், மேசைப் பலகையைப் பார்ப்பான், முன்னால் இருக்கும் பையனின் சட்டைத் தோளில் போட்ட ஒட்டுத் துணியைப் பார்ப்பான். சன்னல் அவனுக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது காட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டுத் திடலில் கண்ணை மூடி அருகிலும் தொலைவிலும் எழும் ஒலிகளைக் கேட்பான். மற்றவர்கள் தொடவும் கூசும் பூச்சி புழுக்களைக் கையில் எடுத்துப் பார்ப்பான். பெரியவர், சிறியவர் என்று எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அவனை மக்கு, மந்தம் என்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் வருகிறான். முள்ளங்கி இலையில் சுற்றிய ஒரு சோற்று உருண்டைதான் எப்போதும் மதிய உணவு. மழை, புயல் என்றால் உலர்ந்த புல்லால் ஆன மழைப்போர்வை.

இப்படியே ஐந்து ஆண்டுகள் போகின்றன. ஆறாம் வகுப்பில் இசோபே என்ற புதிய ஆசிரியர் வருகிறார். அவர் சிபியைக் கவனிக்கிறார். அந்த ஆண்டின் கலைநிகழ்ச்சியில் சிபி மேடை ஏறுகிறான். எல்லோரும் வியந்து நிற்க, காக்கைகளின் குரல்களை அவன் எழுப்பிக் காட்டப்போவதாக இசோபே அறிவிக்கிறார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் குரல், தாய்க் காக்கையின் குரல், தந்தைக் காக்கையின் குரல், விடியற்காலைக் குரல், ஊரில் துயரம் நேர்ந்தால் எழும் குரல், மகிழ்ச்சிக் குரல் என்று ஒவ்வொன்றாகச் செய்கிறான். கடைசியாக, ஒரு பழைய மரத்தில் தனியே அமர்ந்திருக்கும் காக்கையின் குரல் தொண்டையின் ஆழத்திலிருந்து வருகிறது. மலைக்கு அப்பால் அவன் குடும்பம் வாழும் தனிமையான இடம் எல்லோர் மனக்கண்ணிலும் தோன்றுகிறது.

பிறகு இசோபே விளக்குகிறார்: விடியலில் வீட்டைவிட்டுக் கிளம்பி, சூரியன் மறையும் நேரத்தில் வீடு திரும்பி, ஆறு ஆண்டுகள் நடந்த நடையில்தான் சிபி இந்தக் குரல்களைக் கற்றான். பிள்ளைகள் அழுகிறார்கள். பெரியவர்களும் கண்ணைத் துடைக்கிறார்கள். பட்டமளிப்பு நாளில், ஆறு ஆண்டுகளும் ஒரு நாள்கூட விடாமல் பள்ளிக்கு வந்ததற்காகப் பாராட்டுப் பெறுபவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன் மட்டுமே.

அதன்பின் அவன் தன் குடும்பம் தயாரிக்கும் மரக்கரியை விற்கச் சில நாட்களில் ஊருக்குள் வருகிறான். இப்போது யாரும் அவனைச் சிபி என்று அழைப்பதில்லை. காக்கைச் சிறுவன் என்கிறார்கள். அவன் தலையசைத்துச் சிரிக்கிறான். சாமான்களை வாங்கிக்கொண்டு, வளர்ந்துவரும் தோள்களை நிமிர்த்தி நடந்து போகிறான். மலைப்பாதையின் வளைவிலிருந்து காக்கையின் மகிழ்ச்சிக் குரல் கேட்கிறது.

சொல்பவர் யார்?

இந்தக் கதையைச் சொல்வது சிபி இல்லை. ஆசிரியரும் இல்லை. 'நாங்கள்' என்ற பன்மைக் குரலில் வகுப்புத் தோழர்கள் சொல்கிறார்கள். நூலின் உயிர்நாடி இந்தத் தேர்வில் இருக்கிறது.

கூச்சமுள்ள குழந்தையைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் மனத்துக்குள் புகுந்து பேசும். வாசிக்கும் குழந்தை அதனோடு ஒன்றிப்போய், 'நானும் இப்படி வெல்வேன்' என்று எண்ணும். யாஷிமா அந்த எளிய வழியில் போகவில்லை. வாசிக்கும் குழந்தையை ஒதுக்கியவர்களின் வரிசையில் உட்காரவைக்கிறார். சிபிக்குப் பட்டப்பெயர் வைத்ததும், மந்தம் என்றதும், தனியே விட்டதும் 'நாங்கள்'தான். எனவே கடைசியில் அந்தக் கண்ணீர் வரும்போது அது இரக்கக் கண்ணீராக இல்லாமல், தவறு உணர்ந்த கண்ணீராக இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நூல் முழுவதிலும் சிபி வாய் திறந்து ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. இசோபே அவனோடு பேசுவது உண்டு என்று அறிகிறோம். என்ன பேசினார்கள் என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. அவனிடமிருந்து நாம் கேட்பது காக்கைக் குரல் மட்டுமே. கூச்சத்தை வெல்லும் கதை என்று பெயர் பெற்ற நூலில் கதைத்தலைவன் கடைசிவரை பேசவில்லை! பேசாதவனைப் பேசவைப்பதுதான் வெற்றி என்ற எண்ணம் இந்த நூலில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கூச்சமும் தன்னம்பிக்கையும்

கூச்சம் வேறு, தன்னம்பிக்கைக் குறைவு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பள்ளிகளில் நடக்கும் பெரிய பிழை. புதியவர் முன் தயங்குவது சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அமைந்த இயல்பு. அதே குழந்தை தனக்குத் தெரிந்த வேலையில் உறுதியோடு இருக்கலாம். நன்றாகப் பேசும் குழந்தை உள்ளுக்குள் நம்பிக்கையற்று இருப்பதும் உண்டு.

சிபியைப் பாருங்கள். முதல் நாள் கட்டடத்தின் அடியில் ஒளிந்தவன், அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் ஒளியவில்லை. தன்னை ஏளனம் செய்யும் இடத்துக்கு இருட்டில் எழுந்து, மலை கடந்து நடந்து வருகிறான். இதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்! மேடையில் நின்ற அன்று அவனுக்குத் தன்னம்பிக்கை பிறந்தது என்று சொல்வது சரியாகாது. அது முதலிலிருந்தே அவன் கால்களில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் குறிக்கப்பட்டும் வந்தது. ஐந்து ஆண்டுகள் அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த ஆசிரியர்கள் எண்ணிக்கையைக் குறித்தார்கள். அதன் பொருளைப் படிக்கவில்லை.

திருக்குறளில் 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரம் (73) இருப்பதை எல்லோரும் அறிவோம். கூச்சமுள்ள மாணவர்களுக்கு அறிவுரையாக அதை எடுத்துச் சொல்வதும் வழக்கம். ஆனால் அது அமைச்சியலில் வரும் அதிகாரம். கற்று முதிர்ந்தவர் அவையில் தாம் கற்றதைச் சொல்லத் தயங்கக்கூடாது என்பது அங்குப் பேசப்படும் பொருள். ஆறு வயதுக் குழந்தையின் அச்சத்தை அளக்க அதைக் கோலாக எடுப்பது பொருந்தாது. குழந்தை அவையைக் கண்டு அஞ்சினால், அவை எப்படிப்பட்டது என்றும் நாம் கேட்க வேண்டும்.

இசோபே செய்தவை

நூலின் நடுப்பகுதியில் சில பக்கங்களே வரும் இசோபேயின் செயல்கள், ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டியவை.

முதலில், அவர் வகுப்பையே பள்ளிக்குப் பின்னாலிருக்கும் குன்றின்மேல் அழைத்துப் போகிறார். காட்டுத் திராட்சையும் காட்டுக் கிழங்கும் எங்கே விளையும் என்பது சிபிக்குத் தெரிந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறார். சுவர்களுக்குள் கடைசியாக நின்றவன் குன்றின்மேல் வழிகாட்டி ஆகிறான். குழந்தை மாறவில்லை, இடம் மாறியது.

இரண்டாவது, வகுப்புத் தோட்டத்துப் பூக்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்தவற்றைக் கேட்டு வியக்கிறார். அதாவது ஆசிரியர் கற்பவராக நிற்கிறார்.

மூன்றாவது, அவன் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுவரில் ஒட்டுகிறார். நான்காவது, அவனைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாத அவனுடைய கையெழுத்தையும் ஒட்டுகிறார். இந்த நான்காவது செயல் வியப்புக்குரியது. சாதாரணமாக நாம் சிவப்பு மையால் திருத்துவதை அவர் சுவரில் மாட்டுகிறார். எழுத்து பிழையானது என்பதை அவர் அறியாதவர் இல்லை. அது அவனுடையது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறார். திருத்தம் பிறகும் வரலாம்.

ஐந்தாவது, யாரும் இல்லாத நேரங்களில் அவனோடு பேசுகிறார். 'யாரும் இல்லாத' என்பது முக்கியம். எல்லோர் முன்னும் எழுப்பி நிறுத்தி, 'ஏன் பேசமாட்டேன் என்கிறாய்?' என்று அவர் கேட்கவில்லை.

கல்வி உளவியலில் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டை ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் படித்திருப்பார்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளை அவர் கூறினார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடல் மன நிலை. இவற்றுள் வலிமையானது முதலாவது. 'நீ கெட்டிக்காரன், உன்னால் முடியும்' என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, குழந்தை தானே ஒன்றைச் செய்து முடித்ததை உணர்வது மேலானது. அந்தக் கோட்பாடு எழுதப்படுவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே வந்த இந்தப் படநூலில் இசோபே சொல்லால் ஊக்கப்படுத்துவதாக ஒரு காட்சியும் இல்லை. கிழங்கு இருக்கும் இடத்தைக் காட்டச் செய்கிறார், பூவைப் பற்றிச் சொல்லச் செய்கிறார். எல்லாம் செயல்.

மேடை

இவற்றுக்கெல்லாம் பிறகுதான் மேடை வருகிறது. நூலை மேலோட்டமாகப் படிப்பவர்கள் மேடையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 'கூச்சமா? மேடையில் ஏற்று, சரியாகிவிடும்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், ஓர் ஆண்டு விழாவுக்காக, வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தியை வரவேற்புரை சொல்லத் தேர்ந்தெடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். நான்கு வரிகள், மனப்பாடமாகத் தெரியும். ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள், முதல் சொல்லோடு நின்றுபோனாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அடுத்த ஒரு வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய கூச்சம் அவ்வளவு பெரிது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து இந்த நூலைப் படித்தபோதுதான், அந்த நான்கு வரிகளும் நான் எழுதிக் கொடுத்தவை என்பது உறைத்தது. அவளுக்கு என்ன தெரியும், எது பிடிக்கும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

சிபி மேடையில் செய்தது யாரோ எழுதிக் கொடுத்ததை இல்லை. ஆறு ஆண்டுகள் தனியே நடந்த வழியில் அவன் சேர்த்துவைத்த சொத்து அது. அவனைத் தனிமைப்படுத்திய தொலைவுதான் அவனுக்கு அந்தக் குரல்களைத் தந்தது. மேடையில் அவன் தன் வழியையும் வீட்டையும் ஊராருக்குக் கொண்டுவந்து காட்டுகிறான். மேடை அவனைத் தேடி வந்ததே தவிர, மேடைக்காக அவன் வேறொருவனாக ஆகவில்லை.

பெயர்

கதையில் சிபியின் உண்மைப் பெயர் எங்கும் வருவதில்லை. முதல் நாள் யாருக்கும் அவனைத் தெரியாது என்கிறார்கள். கடைசி நாள் வரை அவனுடைய பெயரை நமக்குச் சொல்வதில்லை. பட்டமளிப்பு நாளில்கூட இல்லை.

'காக்கைச் சிறுவன்' என்பதும் ஒரு பட்டப்பெயர்தான். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. முதல் பெயர் அவன் உருவத்தைப் பார்த்து வைத்தது. இரண்டாவது பெயர் அவன் செய்ததைக் கேட்டு வைத்தது. அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருப்பதுபோலத் தோன்றியது என்று மட்டும் கதை சொல்கிறது. பிடித்திருந்தது என்று உறுதியாகச் சொல்வதில்லை. இந்தத் தயக்கம் நேர்மையானது. தோழர்கள் இப்போதும் வெளியிலிருந்துதான் பார்க்கிறார்கள். அவன் வீட்டுக்கு யாரும் போனதாகக் கதையில் இல்லை. அழுதுவிட்டதால் அவனை முழுக்க அறிந்துவிட்டோம் என்ற பொய்யை நூல் சொல்லவில்லை.

தம் உண்மைப் பெயரை மறைத்து வாழ நேர்ந்த ஒருவர் இதை எழுதினார் என்பதையும், அவர் தேர்ந்துகொண்ட 'தாரோ' என்ற பெயரே ஜப்பானியப் பதிப்பின் தலைப்பில் காக்கையோடு சேர்ந்து நிற்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஓவியங்கள்

யாஷிமாவின் கோடுகள் தடித்தவை, கரடுமுரடானவை. வண்ணத்தை மென்மையாகப் பூசி அழகுபடுத்தும் முறையை அவர் பின்பற்றவில்லை. கீறல் கீறலான கோடுகள், அழுத்தமான சில வண்ணங்கள், அவற்றுக்கிடையே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடம் வீணாக விடப்பட்டது இல்லை. சிபிக்கும் மற்றவர்களுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சொற்களைவிட அதுவே நன்றாகக் காட்டுகிறது. படிக்கத் தெரியாத சிறு குழந்தைகூட அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

சிபி பொழுதுபோக்கப் பார்க்கும் பொருள்கள் வரும் பக்கங்களில் நாமும் அவன் கண்ணால் பார்க்கிறோம். மேற்கூரைப் பலகை, மேசைப் பலகை, ஒட்டுத் துணி எல்லாம் அவனுக்கு ஏன் போதுமானவையாக இருந்தன என்பது விளங்குகிறது. கதை சொல்லும் தோழர்கள் அப்போது கவனிக்காததைப் படங்கள் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகின்றன. எனவே இசோபே வருவதற்கு முன்பே, வாசிக்கும் குழந்தை சிபியை மந்தம் என்று நம்புவதை நிறுத்திவிட்டிருக்கும். சொல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுவது நல்ல படநூலின் இலக்கணம்.

பிற நூல்களுடன் ஒப்பீடு

தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான ஜப்பானியப் பள்ளிக் கதை டெட்சுகோ குரோயானாகியின் 'டோட்டோ-சான்: சன்னலில் ஒரு சிறுமி'. அது ஜப்பானில் 1981இல் வந்தது. டோட்டோ-சான் கூச்சமே இல்லாத குழந்தை. சன்னலோரம் நின்று தெருப் பாடகர்களைக் கூப்பிட்டு வகுப்பைக் கலைப்பவள். சிபியோ சன்னலைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பவன். இயல்பில் இருவரும் இரு துருவங்கள். ஆனால் இருவருக்கும் வகுப்பறையைவிடச் சன்னல் நல்ல ஆசிரியராக இருந்தது. இருவரையும் காத்தது, பொறுமையாகக் காது கொடுத்த ஒரு பெரியவர். ஒரு வேறுபாடு: டோட்டோ-சானுக்குப் பள்ளியை மாற்ற ஒரு தாய் இருந்தார். மலைக்கு அப்பால் கரி சுடும் குடும்பத்துப் பிள்ளைக்கு மாற்றுப் பள்ளி இல்லை. ஆசிரியர் வரும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது.

பீட்டர் ரெனால்ட்ஸ் எழுதிய 'புள்ளி' (2003) என்ற படநூலில், தனக்கு வரையத் தெரியாது என்று சோர்ந்த வாஷ்டி என்ற சிறுமி தாளில் ஒரு புள்ளி வைக்கிறாள். ஆசிரியை அதில் கையொப்பமிடச் சொல்லி, சட்டம் போட்டு மாட்டுகிறார். இசோபே சுவரில் ஒட்டியதன் தொடர்ச்சியாகவே இதைக் காணலாம். ஆனால் அங்கு மாற்றம் விரைவாக நிகழ்ந்துவிடுகிறது. 'காக்கைச் சிறுவ'னில் ஐந்து ஆண்டுகள் வீணாகப் போகின்றன, போனவை திரும்புவதில்லை. அந்த இழப்பை நூல் மறைக்காததால்தான் அதன் முடிவு மனத்தில் தங்குகிறது.

குறைகள்

நூலைப் போற்றும்போதே அதன்மீது சில கேள்விகளையும் எழுப்ப வேண்டும்.

முதல் கேள்வி பெரியது. சிபிக்குக் காக்கைக் குரல் தெரிந்திருந்தது. அதனால் மதிப்புப் பெற்றான். எந்தத் தனித்திறமையும் இல்லாத குழந்தை என்ன செய்யும்? வியக்கத்தக்க ஒன்றைச் செய்து காட்டினால்தான் ஒருவனை மனிதனாக மதிப்போம் என்பது கொடுமையான விதி. 'ஒட்டகச்சிவிங்கிகளால் ஆட முடியாது' (1999) போன்ற புகழ்பெற்ற படநூல்களிலும் இதே விதிதான்: ஏளனம் செய்தவர்கள், இவன் ஆடிக்காட்டிய பிறகே கைதட்டுகிறார்கள். யாஷிமாவின் நூலும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து முழுவதும் தப்பாது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு விடையும் இருக்கிறது. இசோபே சிபியோடு பேசத் தொடங்கியது காக்கைக் குரலைக் கேட்டபிறகு இல்லை. அவர் அவனைக் கவனித்ததால்தான் அந்தக் குரல் வெளியே வந்தது. ஊராருக்குத் திறமை முதலில், மதிப்புப் பிறகு. இசோபேக்கு மதிப்பு முதலில். நூலின் நியாயம் இசோபேயின் பக்கம்.

இரண்டாவது, முதல் ஐந்து ஆண்டுகளின் ஆசிரியர்களைப் பற்றி நூல் ஏறக்குறைய மௌனம் சாதிக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள், அந்த ஆசிரியர்கள் அழுதார்களா என்று தெரியவில்லை. பிள்ளைகளின் கொடுமைக்குப் பெரியவர்களின் அலட்சியம்தானே முன்மாதிரி?

மூன்றாவது, ஒரே மாலையில் ஊர் முழுவதும் மனம் மாறுவது கதைக்கு அழகு. வாழ்க்கையில் அவ்வளவு எளிதில் நடக்காது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

முடிவைக் குறையாகச் சிலர் கருதலாம். பள்ளி முடித்த சிபி உயர்கல்விக்குப் போகவில்லை, கரி விற்கிறான். நான் இதை நூலின் உண்மைத்தன்மையாகவே பார்க்கிறேன். ஜப்பானில் 1907 முதல் கட்டாயக் கல்வி ஆறு ஆண்டுகள். அதற்குப் பின் ஏழைப் பிள்ளைகள் வேலைக்குப் போவதே அன்றைய நடைமுறை. தன்னம்பிக்கை வந்தால் பெரிய பதவி கிடைக்கும் என்று நூல் ஆசைகாட்டவில்லை. அதே வேலை, அதே மலைப்பாதை. நிமிர்ந்த தோள்கள் மட்டும் புதிது.

வகுப்பறையில் பயன்படுத்தும் முறை

இந்த நூலை வகுப்பில் படித்துக்காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. வகுப்பிலிருக்கும் கூச்சமுள்ள பிள்ளையைச் சுட்டிக்காட்டி, 'இது உன் கதை' என்று சொல்லக்கூடாது. அந்தப் பக்கம் பார்வைகூடப் போகாமல் இருப்பது நல்லது.

2. ஐந்து ஆண்டுகள் கழிந்தன என்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். 'இதுவரை சிபிக்கு என்னென்ன தெரியும்?' என்று கேளுங்கள். பிள்ளைகள் படங்களைத் திருப்பிப் பார்த்துச் சொல்வார்கள். மேடைக் காட்சிக்கு முன்பே அவர்கள் இசோபேயின் வேலையைச் செய்துவிடுவார்கள்.

3. 'கதையின் நீதி என்ன?' என்று கேட்பதைத் தவிர்க்கலாம். 'இதை யார் சொல்கிறார்கள்? அவர்கள் ஏன் அழுதார்கள்?' என்பன மேலான கேள்விகள்.

4. படித்து முடித்ததும் எல்லோரையும் மேடையேறித் திறமை காட்டச் சொல்லும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் வழியில் என்ன கேட்டது, என்ன பார்த்தேன் என்று வரையவோ எழுதவோ விடலாம். ஒட்டுவதானால் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டலாம்.

நிறைவாக

கூச்சமுள்ள குழந்தைகளுக்கான நூல் என்று 'காக்கைச் சிறுவ'னை வகைப்படுத்துவது வசதிக்காகத்தான். அந்தக் குழந்தைகளுக்கு இது ஆறுதல் தரும். தாங்கள் குறைபட்டவர்கள் இல்லை என்று சொல்லும். மற்ற பிள்ளைகளுக்கு இது எச்சரிக்கை. ஆசிரியர்களுக்கோ இது ஒரு கணக்குக் கேட்கும் நூல். ஆறாம் ஆண்டில் வந்த ஒருவர் பார்த்ததை, முதல் ஐந்து ஆண்டுகளில் இருந்தவர்கள் ஏன் பார்க்கவில்லை?

பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது மெதுவாக 'உள்ளேன்' என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அந்த ஒரு சொல்லையும் சொல்வதற்கு அது எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும். இந்த நூல் அந்தக் கேள்வியைக் கற்றுத்தருகிறது. ஆசிரியராகப் போகிறவர்கள் பணியின் முதல் ஆண்டிலேயே இதைப் படித்துவிடுவது நல்லது.